பூச்சி மேடமும் பண்ணையார் ஜிப்பாக்களும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கரப்பான்பூச்சியைப் பங்காளி என்று உறவுமுறை சொல்லிப் பேசிய ஒரே அரசாங்க அதிகாரி எங்கள் பூச்சி மேடம்தான். பயிர்ப்பூச்சிகளைக் கவனிக்க எங்கள் வேளாண்மை அலுவலகத்துக்கு வந்தவர். நான் அங்கே டைப்பிஸ்ட்.

ஒருநாள் ஹெட்கிளார்க் செருப்பைக் கழற்றி ஒரு கரப்பானின் தலைக்குக் குறிவைத்தார். மேடம் பாய்ந்து வந்து மறித்தார்.

"தலையில அடிக்காதீங்க சார். உள்ள மூளை இருக்கு."

"கரப்பானுக்கு மூளையா?"

"உங்களுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்? கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல்ல ஒரு புழு. அதுக்குத் தலைப்பக்கம் நரம்பு கொஞ்சம் திரண்டுச்சு. அந்தப் பூர்வீகச் சொத்து பாகம் பிரிஞ்சு ஒரு பங்கு பூச்சிக்குப் போச்சு. ஒரு பங்கு மீன் வழியா நமக்கு வந்துச்சு. பூச்சிக்குப் பெரிய நரம்பு வயித்துப்பக்கம் ஓடுது, நமக்கு முதுகுப்பக்கம். வாசலை மாத்தி வச்சிருக்கு, அவ்வளவுதான்!"

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பெரிய பண்ணைகளெல்லாம் ஒன்றுவிட்ட பங்காளி பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஹெட்கிளார்க் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அப்போ கரப்பான் பேர்லயும் ரெண்டு வேலி நிலம் எழுதி வைக்கலாமா மேடம்?"

கூத்தாநல்லூர் பக்கம் ஒரு பெரிய பண்ணை. கூலித் தகராறில் பண்ணையாரும் ஆட்களும் முகம் பார்த்துப் பேசியே மாதக்கணக்காயிற்று. அந்த நேரம் பார்த்துப் புகையான் பூச்சி சம்பா நெல்லைப் பிடித்துக்கொண்டது. மருந்து தெளிக்க மட்டும் ஆட்கள் வெற்றுடம்போடு இறங்கினார்கள். மேடத்தோடு நானும் ஜீப்பில் போயிருந்தேன். அவர் நேரே போய் வரப்பில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"சட்டையில்லாம தெளிக்க விடமாட்டேன்."

"இது பூச்சிமருந்தும்மா. மனுஷனை என்ன பண்ணும்?" என்றார் பண்ணையார்.

"நரம்பை அடிக்கிற மருந்துங்க ஐயா. பூச்சி நரம்பும் மனுஷ நரம்பும் ஒரே சரக்கு."

"நீங்க என்ன, அவங்க கட்சியா?"

"நான் நரம்புக் கட்சி!"

ஆட்களுக்குத் தலைவரான மாரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "எந்திரிங்கம்மா, கூலி போயிடும்."

பண்ணையாரும் மாரிமுத்துவும் அந்த வருஷத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம், மேடத்துக்குப் புத்தி சரியில்லை என்பதுதான்.

மேடம் எழுந்து இருவரையும் வாய்க்காலுக்கு அழைத்துப் போனார். முதல் நாள் தெளிப்பானைக் கழுவிய இடம். செத்த பூச்சிகளோடு தவளைகளும் மல்லாந்து கிடந்தன. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் குளத்தில், பண்ணையார் ஆசையாக வளர்த்த விரால்கள் வயிறு காட்டி மிதந்தன. ஒன்று இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

பண்ணையார் அதையே பார்த்தார். பிறகு மாரிமுத்துவைப் பார்த்தார்.

"நேத்து நீதானே தெளிச்ச? உனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"வீட்டுக்குப் போனதுலேருந்து வாந்திங்க. கண்ணு மங்கலாவே இருக்கு. சொன்னா கூலியப் பிடிப்பீங்கன்னு சொல்லல."

மேடம் மாரிமுத்துவை அப்படியே ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆள் பிழைத்துக்கொண்டார். பண்ணையார் வீட்டுக்குப் போய்த் தன் பீரோவைத் திறந்தார்.

மறுநாள் வயல் நெடுக முழுக்கை ஜிப்பாவும் முகத்தில் துண்டுமாக ஆட்கள்! ரோட்டில் போன பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தியே விட்டார். "என்னங்க, மிராசுதாரெல்லாம் கூலிவேலைக்கு வந்துட்டாங்களா?"

கூலித் தகராறு அதோடு தீரவில்லை. அதற்கு இன்னும் பல பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. ஆனால் அதில் தலையிட்டதாகச் சொல்லி மேடத்தை முத்துப்பேட்டைக்கு மாற்றினார்கள்.

"அங்க கடலோரம் நண்டு நெறைய இருக்கு தம்பி, அதுவும் கரப்பானுக்குப் பங்காளிதான்," என்று சிரித்தார்.

அவரை எங்கள் அலுவலகத்திலிருந்து விடுவிக்கும் உத்தரவை டைப் அடித்தவன் நான். வேகத்துக்குப் பெயர் வாங்கியவன். அந்த ஒரு பக்கத்தை அடித்து முடிக்க அன்று சாயங்காலம் ஆகிவிட்டது.