பூன்டோ அண்ணை

எந்தப் பேச்சையும் இரண்டே நிமிடத்தில் ஓர் இத்தாலிக் காரில் கொண்டுபோய் ஏற்றிவிடக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற ஊரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவரிடம் நீல நிறப் பூன்டோ கார் ஒன்று இருந்தது; ஆகவே பூன்டோ அண்ணை. பகலில் துணித் தொழிற்சாலையில் வேலை. மற்ற நேரமெல்லாம் அந்தக் காரின் வரலாறு.

ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தச் சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"முதல் வந்த கார் ஊனோ. ஊனோ எண்டால் இத்தாலிப் பாஷையில ஒண்டு. அதுக்குப் பிறகு தொண்ணூற்றி மூண்டில வந்தது பூன்டோ. பூன்டோ எண்டால் புள்ளி" என்று தொடங்கினார். சாப்பாடு ஆறியது. "மூண்டு கதவிலயும் இருக்கு, அஞ்சு கதவிலயும் இருக்கு. பிள்ளையள் பிறக்கும், அஞ்சு கதவாய் எடுங்கோ" என்று முடித்தார். மணமகள் வெட்கப்பட்டாள். மணமகன் தலையாட்டினான்.

இன்னொரு முறை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். "எப்போது ஆரம்பித்தது?" என்று டாக்டர் கேட்டாராம். "தொண்ணூற்றி மூண்டில" என்றாராம் அண்ணை. டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டதாக அவர் மனைவி சொல்லுவா.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் சண்டை முடிந்தது. முள்ளிவாய்க்காலில் என் தம்பி போய்விட்டான் என்று செய்தி வந்தது. அடுப்பு மூட்டாத வீடு என்று, சோறும் பருப்பும் சமைத்துக் கட்டிக்கொண்டு வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் தங்கள் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யாரோடும் ஒரு சொல்லும் பேசவில்லை.

பூன்டோ அண்ணை வந்து என் பக்கத்தில் இருந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஊனோவை முதன்முதல் காட்டினது எங்க தெரியுமோ? இத்தாலியில இல்லை. அமெரிக்காவில, ராக்கெட் விடுற இடத்தில."

என் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது என்றால் எழும்பிப் போயிருப்பார்கள். அவர் எழும்பவில்லை. ஊனோவை முடித்துப் பூன்டோவுக்கு வந்தார். பின் விளக்குகளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உயர வைத்த கதைக்கு வந்தார்.

"ஏன் அவ்வளவு மேல வைச்சவங்கள்?" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடைய குரல்தான்.

"பார்க்கிங்கில ஆராவது இடிச்சாலும் லைட் உடையாது, தம்பி" என்றார்.

தம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் அழத் தொடங்கினேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இரண்டாவது மாடலுக்குப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்தார். கடைசி மாடலும் முடிந்துவிட்டது. "பிறகு?" என்று கேட்டேன்.

"இன்னும் வரேல்லை. வந்தால் வந்து சொல்லுறன்."

வருடங்கள் கழித்து ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "பூன்டோவை நிப்பாட்டிப்போட்டாங்கள், தம்பி. இனிச் செய்ய மாட்டாங்களாம்."

மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்தாள். மூடிக் கட்டி எடுத்துக்கொண்டு, இரண்டு பேருமாக அவர் வீட்டுக்கு நடந்தோம்.