பிரேக்கைத் தொடாத தாய்மாமன்

எக்ஸ்ட்ரா பிட்டிங்காரர் என்றொரு இனம் நம் ஊர்களில் பெருகி வருகிறது. அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. புது வண்டி வாங்க மாட்டார். கையில் காசு இல்லாமல் அல்ல. பழைய வண்டியில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் குறைகிறது, அதையும் மாட்டிவிட்டால் புது வண்டிக்கு என்ன அவசியம் என்ற நினைப்பு. பின்னால் வருவதைக் காட்டக் கேமரா மாட்டுவார், கால் வைக்கும் இடத்தில் நீல விளக்கு மாட்டுவார், ரிவர்ஸ் எடுத்தால் பெண் குரலில் எச்சரிக்கும் ஒலிபெருக்கி மாட்டுவார். இத்தனையும் மாட்டிய வண்டியில் பின்கதவு ஒன்று ஆறு வருடமாக உள்ளிருந்து திறக்காது. அதைச் சரிபண்ணினாரா என்று கேட்கிறீர்களா? அது ரிப்பேர். ரிப்பேர் வேறு, பிட்டிங் வேறு. கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுத் திறந்தால் கதவு திறக்கும். அது அவர் மனைவிக்குத் தெரியும்.

போடிநாயக்கனூரில் இந்த இனத்துக்குத் தலைசிறந்த மாதிரி ஜக்கையன். ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை வைத்திருக்கிறார். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் எட்டு மில்லிமீட்டர் காயையும் ஏழு மில்லிமீட்டர் காயையும் சல்லடை இல்லாமல் கண்ணாலேயே பிரித்துவிடுவார். தங்கை பவதாரணியை எம்.எஸ்சி. வரை படிக்கவைத்தவர் அவர்தான். இந்தச் செய்தியைக் கேள்விப்படாத ஆள் போடியில் இல்லை. டீக்கடையில் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லும்போதுகூட நடுவில் தங்கையின் எம்.எஸ்சி. வந்து நிற்கும்.

இந்த வருடம் அவர் தன் பதினாலு வருடத்து டீசல் காருக்கு மாட்டியது குரூஸ் கண்ட்ரோல். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேண்டிய வேகம் வந்ததும் பட்டனைத் தட்டிவிட்டுக் காலை எடுத்துவிடலாம். வண்டி அதே வேகத்தில் தானாகப் போய்க்கொண்டிருக்கும். பிரேக்கையோ கிளச்சையோ தொட்டால் விட்டுவிடும். நாற்பதுக்குக் கீழே வேலையே செய்யாது. அருமையான சாதனம், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த ஊரில்? போடிமெட்டுக்கு ஏறினால் பதினேழு கொண்டை ஊசி வளைவு. குரங்கணிப் பக்கம் போனால் எதிரே ஜீப்பு, ஜீப்புக்குப் பின்னால் ஜீப்பு. பொட்டிபுரம் பக்கம் போனால் ஆடு. ஊருக்குள் நாற்பதைத் தொட்டவர் என்று ஆம்புலன்ஸ் டிரைவரைக்கூடச் சொல்ல முடியாது.

ஆகவே ஜக்கையன் நேர் ரோட்டைத் தேடத் தொடங்கினார். பத்திரிகை வந்தால் நாமெல்லாம் யார் வீட்டு விசேஷம் என்று பார்ப்போம். அவர் எந்த ரோடு என்று பார்த்தார். திண்டுக்கல்லில், எப்போதோ ஒருமுறை காய் வாங்கிப் போன வியாபாரியின் மச்சினன் வீட்டுப் பால்காய்ப்புக்குக் குடும்பத்தோடு போய் இறங்கினார். அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் குரங்கணியில் நிச்சயதார்த்தம். மூட்டுவலி என்று சொல்லிவிட்டார். இத்தனை செய்தும் திண்டுக்கல் போகும்போது குரூஸ் வேலை செய்யவில்லை. போன வருடம் அவரே ஆசையாக மாட்டிய எல்.இ.டி. பிரேக் விளக்கு அதற்கு ஒத்துவரவில்லையாம். முந்தின பிட்டிங்குக்கும் பிந்தின பிட்டிங்குக்கும் ஆகவில்லை. எலக்ட்ரீசியன் அருள்பாண்டி பழைய பல்பையே திருப்பி மாட்டி, "இப்பப் போகும்ணே" என்று காருக்கு அடியிலிருந்து குரல் கொடுத்த சாயங்காலம்தான் பவதாரணி போன் செய்தாள்.

மறுநாள் அவள் மகன் செழியனுக்குக் காது குத்து. போடிமெட்டைத் தாண்டியதும் வரும் எஸ்டேட்டில் அவள் புகுந்த வீடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் ஜக்கையன்.

"அண்ணே, ஒன்பதரையோட நல்ல நேரம் முடியுது. எட்டு மணிக்கே வந்துருண்ணே. கம்பத்துல இருந்து கண்ணுச்சாமி அண்ணன் இன்னைக்கே வந்து உக்காந்துட்டாரு. பெரியப்பன் மகனும் மாமன்தானே, ஒங்க அண்ணன் வரலேன்னா இவரு மடி இருக்குன்னு எங்க மாமியா எல்லார் முன்னாடியும் சொல்றாக. படிக்கவச்ச அண்ணன்னு எந்நேரமும் பீத்திக்கிருவியே, பாப்போம்ங்கிறாக."

"பாக்கட்டும்த்தா. விடியறதுக்குள்ள கிளம்பிர்றேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஐந்தே முக்காலுக்கு வண்டி கிளம்பிவிட்டது. சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் மனைவி சந்திரவல்லி. மெயின் ரோட்டில் ஏறியதும் வண்டி மலைப் பக்கம் திரும்பாமல் தேனிப் பக்கம் திரும்பியது.

"என்னங்க, மலை அங்கிட்டுல்ல இருக்கு?"

"மலை எங்க போகப்போகுது? கால்மணி நேரம். பைபாஸ்ல ஒருக்கா போட்டுப் பாத்துட்டுத் திரும்பிருவோம்."

பைபாஸ் காலியாகக் கிடந்தது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. பட்டனைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. காலை எடுத்தார். வண்டி அறுபதிலேயே போனது! எடுத்த காலை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மடக்கி வைத்தார், கொஞ்ச நேரம் நீட்டி வைத்தார், கடைசியில் அடுத்தவர் வீட்டுக் கால் மாதிரி ஓரமாக நிறுத்தி வைத்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தைத் தான் பார்த்ததில்லை என்று சந்திரவல்லி பிற்பாடு சொன்னாள்.

"பாத்தாச்சுல்ல? திருப்புங்க."

"திருப்பணும்னா பிரேக்க மிதிக்கணும்."

"மிதிங்க."

"மிதிச்சா அணைஞ்சிரும்."

"அணையட்டும்."

"மறுபடி இப்படி அமையுமாடி? ஒரு லாரி இல்ல, ஒரு மாடு இல்ல…"

திரும்பும் இடம் ஒன்று வந்தது. போனது. இன்னொன்று வந்தது. அதுவும் போனது. தங்கை வீடு மேற்கே மலைமேல் காத்திருக்க, தாய்மாமன் அறுபது கிலோமீட்டர் வேகத்தில், கூடாமலும் குறையாமலும், கிழக்கே போய்க்கொண்டிருந்தார். போக விருப்பமில்லை, நிறுத்த மனமில்லை. பெரியகுளம் பலகை கண்ணில் பட்டு மறைந்தது. இருபத்தேழாவது கிலோமீட்டரில்தான் வண்டி நின்றது. அதையும் அவர் நிறுத்தவில்லை. வயலுக்கு மேயப் போன முந்நூறு வாத்துகள் ரோட்டைக் கடந்தன.

திரும்பிப் போடிக்கு வரும்போது மணி ஏழே முக்கால். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏற்றம் தொடங்குவதற்குள் எட்டு. அப்போதாவது மிதித்துப் போயிருக்கலாம் அல்லவா? பெடலுக்கு மேலே ஒரு வயர் தொங்கிச் செருப்பில் உரசியது. ஒழுங்கில்லாமல் ஒரு வயர் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஓட்ட அவரால் முடியாது. வண்டியை ஓரம் கட்டினார். குனிந்தார். வயரைச் சீராக மடித்து இழுத்து, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கி, மிச்ச நுனியைக் கத்தரித்து, கத்தரித்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இழுத்த இழுப்பில் ஆக்சிலேட்டருக்குப் போகும் வயரின் சாக்கெட் தளர்ந்திருந்தது. மூன்றாவது வளைவு தாண்டியதும் இஞ்சின் விளக்கு எரிந்தது. அதன்பின் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் சரி, மிதிக்காவிட்டாலும் சரி, வண்டி பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்திலேயே போனது. காலே தேவையில்லை.

பின்னால் ஜீப்புகள் சேர்ந்துவிட்டன. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கன்னையன் ஜீப்பு பக்கத்தில் வந்து அதே வேகத்தில் ஊர்ந்தது. உள்ளே காய் பறிக்கப் போகும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் ராக்கு எட்டிப் பார்த்தாள்.

"ஏய், வண்டிய ஆரும் பின்னால இருந்து தள்ளுறாகளா?"

"தள்ளுனா இதவிட வெரசாப் போகும்க்கா," என்றான் கன்னையன். "அண்ணே, ஏறுங்க. இந்த வேகத்துல போனா செழியன் மாப்ள கல்யாணத்துக்குத்தான் போயிச் சேருவீக."

"சாக்கெட்டுதான்ப்பா. அஞ்சே நிமிசம். அருள்பாண்டிக்கு ஒரு போனப் போட்டா…" போனை எடுக்க வண்டியை நிறுத்தினார், ஜீப்பும் நின்றது. அந்த வளைவில் சிக்னல் இல்லை.

சந்திரவல்லி ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவைத் திறந்தாள். சீர்த்தட்டோடு ஜீப்பில் ஏறினாள். உட்கார்ந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"தட்டு எங்கையில இருக்கு. மடி ஒங்ககிட்டதான இருக்கு? வர்றீகளா, இல்ல கண்ணுச்சாமி மடியே போதும்னு அங்க போயிச் சொல்லிரட்டா?"

ஜக்கையன் காரைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். எட்டரை. காரை ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கல் சரியாக உட்கார்ந்ததா என்று உதைத்துப் பார்த்து, நான்கு கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினார். உட்கார இடமில்லை. ராக்குவின் சோற்றுத் தூக்கை வாங்கி வைத்துக்கொண்டு குத்தவைத்தார். கன்னையன் ஜீப்பில் வேகம் காட்டும் முள்ளே இல்லை. அது இருந்த ஓட்டையில் ஊதுபத்தி செருகியிருந்தது. வளைவுக்கு வளைவு பெண்கள் ஒரு பக்கமாக அவர்மேல் சாய்ந்தார்கள், அடுத்த வளைவில் அவர் அவர்கள்மேல் சாய்ந்தார்.

எஸ்டேட் வீட்டு வாசலில் ஜீப்பு நின்றபோது ஒன்பது இருபது. உள்ளே கண்ணுச்சாமி புது வேட்டி கட்டி ஜமுக்காளத்தில் சம்மணமிட்டிருந்தார். மடியில் செழியன். காது குத்த வந்த ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். அவர் எதிரில் பவதாரணி வெந்நீர்க் கிண்ணத்தோடு நின்றாள்.

"இன்னொருக்கா முக்கி எடுங்க ஆசாரியாரே. கிருமி சாகல."

"அம்மா, நாலு தடவை முக்கியாச்சு. இனிமே செத்தா கம்பிதான் சாகணும்."

"அஞ்சாவது தடவையும் முக்குங்க," என்ற பவதாரணியின் கண் வாசலில்தான் இருந்தது. தலையெல்லாம் புழுதி, கையில் யாருடைய சோற்றுத் தூக்கோ. அந்தக் கோலத்தில் அண்ணன் படியேறியதும் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். மாமியார் பக்கம் திரும்பாமலே, "எங்கண்ணன் வந்துருச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள்.

செழியன் மாமன் மடியில் உட்கார்ந்து, வலது காதுக்குக் கத்தினான், இடது காதுக்கு மாமனின் விரலைக் கடித்தான். ஜக்கையன் அசையவில்லை. அவர் கண் கலங்கியது விரல் வலியால் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"ஏண்ணே இம்புட்டு நேரம்?" என்று தங்கை கேட்டபோது அவர் மறைக்கவில்லை. தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். "இருபத்தேழு கிலோமீட்டருத்தா. ஒருக்காகூடப் பிரேக்கத் தொடல." சொல்லும்போதே தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

மடி பறிபோன கண்ணுச்சாமி முறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று சந்திரவல்லி எழுந்தே விட்டாள்.

"மாட்டுறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும் ஜக்கையா?" என்றார் கண்ணுச்சாமி. "எங்கிட்டயும் ஒரு பழைய வண்டி கிடக்கு."

பந்தியில் பாயசம் வருவதற்குள் நாலு பேர் இலையை மூடிவிட்டார்கள். மூன்றாவது வளைவுக்கு மேலே நிற்கும் காரைப் பார்த்தே ஆக வேண்டுமாம். கன்னையன் ஜீப்பைக் கிளப்பினான். ஜக்கையன், கண்ணுச்சாமி, பவதாரணியின் கணவர், வேலை முடிந்த ஆசாரி. "எங்க போறீக?" என்று கேட்ட பெண்களுக்கு, "ஒரு சோலி" என்று நாலு பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

பின்சீட்டில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. நீங்கள் ஏறியிருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும், நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன்: ஜீப்பு புறப்பட்டுவிட்டதே என்று இப்போது ஏன் எட்டிப் பார்க்கிறீர்கள்?