பிளவுக்குள் போகாத மணல்

மணல் மறுபடியும் வாசலிலேயே குவிந்துவிட்டது.

தசமம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். குவியல் அப்படியேதான் இருந்தது. எதைச் சொன்னாலும் மூன்று தசம இடம் வரை சொல்வதால் ஆபீசில் அவருக்கு அந்தப் பெயர். எண்ணெய்க் கிணற்றின் அடியில் நீரின் அழுத்தத்தால் பாறையைப் பிளந்து, பிளவு மூடிக்கொள்ளாமலிருக்க உள்ளே மணலைச் செலுத்துவார்கள். அந்த மணல் பிளவின் வாசலிலிருந்து உள்ளே எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டுவது அவர் வேலை.

"என்னங்க இது, லாரில கொண்டுவந்து கொட்டின மாதிரி?" பின்னாலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "மூணு மணிக்குக் கிணத்து சூப்பர்வைசர் வர்றாரு. மணல் கடைசி வரைக்கும் போகணும்."

"கணக்கு இப்படித்தான் சார் சொல்லுது."

"அப்போ கணக்கைத் திருத்துங்க. போன ரெண்டு ரிப்போர்ட்டும் சொதப்பல். இதுவும் போச்சுன்னா உங்களுக்காக நான் யார்கிட்டயும் பேச முடியாது."

தசமம் கணக்கிலிருந்த எண்களை மாற்ற ஆரம்பித்தார். மணலைப் பொடியாக்கினார். அது பிளவைத் தாண்டிப் பாறைக்குள்ளேயே புகுந்து, திரையின் ஓரத்தில் காணாமல் போனது. நீரைக் கஞ்சி மாதிரி கெட்டியாக்கினார். அழுத்தம் எகிறி, அரை அங்குலப் பிளவு பஸ் போகிற அளவுக்கு வாயைத் திறந்தது. நேரமாகிறதே என்று கணக்கை நொடிக்கு நொடி போடாமல் நிமிஷத்துக்கு ஒருமுறை போடச் சொன்னார். ஓரிடத்தில் மைனஸ் மூன்று கிலோ மணல் இருப்பதாகக் கம்ப்யூட்டர் கூசாமல் சொன்னது.

"மைனஸ் மணலா?" பக்கத்து மேசைப் பெண் நாற்காலியோடு உருண்டு வந்தாள். "அதை அள்ளிப் போட்டா குழி மூடுமா, இன்னும் ஆழமாகுமா சார்?"

"சும்மா இரும்மா."

மணி இரண்டே முக்கால். மனைவியிடமிருந்து போன்.

"சாப்டீங்களா?"

"எங்க? புவியீர்ப்பைக் குறைச்சுக்கிட்டு இருக்கேன்."

"நல்லா குறைங்க. எனக்கும் முட்டி வலிக்குது."

முக்கால்வாசிப் புவியீர்ப்பைக் கழித்ததும் மணல் சமர்த்தாக வரிசையில் நகர்ந்து, பிளவின் கடைசி மூலை வரை போய்ப் படுத்துக்கொண்டது. தசமத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையில் வந்த குவியல் இனி யார் கண்ணிலும் படக் கூடாதென்று அந்தக் கோப்பை இருந்த இடம் தெரியாமல் அழித்தார்.

கூட்டத்தில் படம் ஓடியது. மேனேஜருக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா? ஒரு பொட்டு மணல்கூட வாசல்ல தங்கல! எங்காளு மூளையே மூளை!"

தசமம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

சேறு படிந்த பூட்ஸோடு உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் படத்தை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். ஹெல்மெட்டை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"படம் அழகா இருக்கு சார். ஆனா போன மாசம் எங்க கிணத்துல மணல் மொத்தமும் வாசல்லயே குவிஞ்சு அடைச்சுக்கிச்சு, அது ஏன்னு கண்டுபிடிக்கத்தானே உங்ககிட்ட வந்தோம்?"