பூவுல ஆள் இருக்கு

காரைக்காலில் கோபக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு சிலந்தியை மரியாதையில்லாமல் பேசியதற்காக மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோனவர் எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் ஒருவர்தான். பெயர் எதற்கு? ஊருக்கே அவர் ‘எட்டுக்கால் சார்’.

ஆபீஸ் வாசலில் ஒரு நந்தியாவட்டைச் செடி. ஒருநாள் எங்களோடு வேலை பார்க்கும் வசந்தி மேடம் சாமி படத்துக்குப் பூப்பறிக்கக் கை நீட்டினார். உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார் சார்.

“கைய எடுங்கம்மா! பூவுல ஆள் இருக்கு!”

“ஆளா? எங்க சார்?”

வெள்ளை இதழோடு இதழாக ஒரு வெள்ளைச் சிலந்தி. முன்னங்கால்களை நண்டு மாதிரி விரித்து உட்கார்ந்திருந்தது. மஞ்சள் பூவுக்குக் குடிபோனால் சில நாளில் தானும் மஞ்சளாகிவிடுமாம். வலை பின்னாது, துரத்தாது. தேனீ பக்கத்தில் வந்ததும் லபக்கென்று பிடித்து, கழுத்தில் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு வெறுங்கூட்டைக் கீழே தள்ளும். இதையெல்லாம் சார் அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் விளக்கினார்.

“வலைகூடப் பின்னாதா? சரியான சோம்பேறி” என்றேன், தயிர்சாதத்தைப் பிசைந்தபடி.

“யாரு சோம்பேறி? தன்னவிடப் பெரிய தேனீய அடிக்க அது பொழுதன்னிக்கும் காத்துக் கெடக்கு. நீங்களுந்தான் காலையிலேர்ந்து அசையாம உக்காந்திருக்கீங்க. என்னத்தப் புடிச்சீங்க?”

டிபன்பாக்ஸைப் படாரென்று மூடிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு புதுச்சேரியிலிருந்து பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று செடிகளுக்கு மருந்து அடிக்க ஆள் வந்தார். சார் செடிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்தா அதிகாரியின் கார் உள்ளே நுழைய வேண்டும்!

“என்னய்யா இது, ஒரு பூச்சிக்காகவா இவ்ளோ கலாட்டா?”

“பூச்சி இல்லீங்க. பூச்சின்னா ஆறு காலு. இதுக்கு எட்டு. இதுகூடத் தெரியாம எப்புடி இம்மாம்பெரிய பதவிக்கு வந்தீங்க?”

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். மருந்துக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடியே போனார்.

செடி தப்பித்தது. சார் தப்பவில்லை. யானாமுக்கு மாற்றல்! ஆந்திராவுக்குள் ஒரு மூலையில் புதுச்சேரியின் துண்டாக இருக்கும் யானாமுக்கு, தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாத மனிதரை, பக்கத்து விழிதியூரில் அவர் வயலில் நடவு நடக்கிற நேரத்தில்! இது அநியாயமில்லையா? வசந்தி மேடம் நேராக மேலிடத்துக்கே போன் போட்டார். “கால எண்ணிச் சொன்னது ஒரு குத்தமாங்க?” என்று கேட்டார். ஆர்டர் மாறவில்லை.

போன வாரம் சார் கூப்பிட்டார். குரலில் சுரத்தே இல்லை.

“இங்கயும் பூவுக்குப் பூ சிலந்தி இருக்குய்யா. ஒருத்தன் மதிக்கிறதில்ல. நானும் தொண்ட வத்தத் திட்டுறேன். தமிழ் புரியாம, சிரிச்சுகிட்டே டீ வாங்கித் தர்றாங்க.”

போனை ஸ்பீக்கரில் போட்டேன். வசந்தி மேடமும் மற்றவர்களும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

“சார், நாங்க எல்லாரும் இருக்கோம். எங்களத் திட்டுங்க.”