பன்னிரண்டாவது கடற்கரை

கடலைப் படைத்தவன் இறைவன்; கடற்கரையைப் படைத்தது சுற்றுலாத் துறை. சந்தேகம் உள்ளவர்கள் துறை வெளியிட்ட 'பொன்மணல் பன்னிரண்டு' என்ற கையேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். ஆறு மொழிகள், இரண்டு லட்சம் பிரதிகள், வழவழப்பான தாள். அதில் அலைக்கு அலை அடைமொழி சூட்டிய பெருமை துறையின் வர்ணனை எழுத்தரையே சேரும்.

கடலுக்கும் அவர் மேசைக்கும் நடுவே ஒன்பது மணி நேர ரயில் பயணம் இருந்தது. அதனால் அவர் எழுத்துக்கு எந்தக் குறைவும் வந்ததில்லை. மூன்றாம் மாடியில், மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காதபடி ஒரு சங்கைத் தூக்கி வைத்துவிட்டு, "நீலம் நீலத்தைத் தழுவும் இடம்" என்று எழுதுவார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். சங்கு அக்கா கொடுத்தது.

உண்மையில் கடற்கரைகள் பதினொன்றுதான். பதினொன்றோடு நிறுத்தினால் கடைசிப் பக்கம் வெறுமையாக நிற்கும் என்று அச்சகத்தார் கையை விரித்துவிட்டார். விடிந்தால் அச்சேற வேண்டும். எழுத்தரின் கைவசம் இருந்த ஒரே கடல், போன விடுமுறையில் அக்கா வீட்டு வாசலில் எடுத்த புகைப்படம். அக்கா வாழ்க்கைப்பட்டது ஒரு மீனவருக்கு. படத்தின் நடுவில் அக்கா வலையை உதறிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் அத்தானின் படகு. பின்னால் வரிசையாக நாற்பது வீடுகள். வடிவமைப்பாளர் மூன்றையும் நறுக்கினார். மிஞ்சிய மணலுக்கு எழுத்தர் எழுதினார்: "மனிதக் காலடியே படாத கரை."

மூன்றாம் மாதம் ஒரு பயணியிடமிருந்து புகார் வந்தது. "பன்னிரண்டாவது கடற்கரையில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு பெண்மணி என்னிடம் 'சாப்பிட்டாச்சா' என்றுகூடக் கேட்டார். நான் தனிமையை நாடி வந்தவன்."

துறை அதிர்ந்தது. அவசரக் கூட்டம் கூடியது.

"தப்பு எங்க நடந்திருக்கு?" என்றார் இயக்குநர்.

"கையேட்டுல இல்ல சார்," என்றார் வடிவமைப்பாளர். "நாலு தடவை மெய்ப்புப் பார்த்தோம். ஒரு ஒற்றுகூட விட்டுப்போகல."

"அப்போ தப்பு கடற்கரையிலதான்."

சட்ட ஆலோசகர் தலையசைத்தார். "கையேட்டைத் திருத்தணும்னா அமைச்சர் வரைக்கும் போகணும் சார். கரையைத் திருத்த உங்க கையெழுத்தே போதும்."

எழுத்தர் எழுந்தார். "சார், அந்த ஒரு வரியை நான் மாத்திக் கொடுத்துடறேன். 'அன்பான மக்கள் வாழும் கரை'ன்னு போட்டா அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

இயக்குநர் அவரைப் பரிவோடு பார்த்தார். "முதுநிலை வர்ணனையாளர் பதவிக்கு உங்க பேரைத்தான் அனுப்பியிருக்கேன். உங்க எழுத்து மேல துறைக்கு இருக்கிற நம்பிக்கை உங்களுக்கே இல்லாமப் போனா எப்படி?"

எழுத்தர் உட்கார்ந்துவிட்டார். அறிவிப்பு எழுதும் பொறுப்பும் அவரிடமே வந்தது. "ஆட்கள் வசிக்காத மேற்படி கரையில் வசித்துவரும் ஆட்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்" என்று தொடங்கினார். சட்ட ஆலோசகர் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

பத்தாம் நாள் அக்கா தொலைபேசியில் வந்தாள்.

"தம்பி, ஒரு காயிதம் வந்திருக்குடா. ஒரு மாசத்துல காலி பண்ணணுமாம். ஊருக்குள்ள நாலாவது மாடியில வீடு தர்றாங்களாம். படகை மாடியில எங்க கட்டறதுன்னு உங்க அத்தான் கேக்கறாரு."

"ம்."

"எழுதினவன் ரொம்ப நல்லா எழுதியிருக்கான்டா. உங்க ஆபீஸ் முத்திரைதான் இருக்கு. அவன் யாருன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லு, நானே பேசறேன். அவனும் அக்கா தங்கச்சியோட பொறந்தவனாத்தான் இருப்பான்."

"தெரியலக்கா. அதெல்லாம் பெரிய இடம்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. சோறு இறங்கவில்லை. பதவி உயர்வு ஆணை கைக்கு வரும்வரை, முழுசாக நான்கு நாட்கள், அந்த வெட்கம் அவரை விட்டுப் போகவில்லை என்பதை இங்கே பதிவு செய்யத்தான் வேண்டும்.

பின்னர் முதுநிலை வர்ணனையாளர் பன்னிரண்டாவது கடற்கரையை நேரில் 'ஆய்வு' செய்யச் சென்றார். கையேட்டில் இருந்தபடியே கரை இருந்தது. அக்காவின் வாசல் இருந்த இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தார். இந்தத் தடவை நறுக்குவதற்கு ஒன்றுமில்லை. மணலில் தம் காலடி மட்டும் தெரிந்தது. பொறுப்புள்ள அதிகாரியாகையால் அதையும் காலாலேயே அழித்தார்.

மதியம் ஒரு மணி. நல்ல பசி. அடுப்படி இருந்த இடத்தில் குந்தி, முழங்கால் மேல் தாளை வைத்து அறிக்கை எழுதினார்: "இக்கரையில் இனி எவரும் எவரையும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கமாட்டார்கள் எனச் சான்றளிக்கிறேன்."

அதில் அடைமொழி ஒன்றும் இல்லை. இருபது வருட உத்தியோகத்தில் அவர் எழுதிய முதல் உண்மை அதுதான். அதை உண்மையாக்க நாற்பது வீடுகளே போதுமானதாக இருந்தன.