நீல அறையில் ஷேடு பார்த்த கதை

எனக்கு நல்ல கண் என்று ஊரில் பேர் உண்டு. அந்தப் பேரைப் பரப்பியதும் நான்தான். மண்ணரைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் துணிக்கு ஷேடு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பத்து வெள்ளைத் துண்டுகளைப் போட்டால் பத்தும் வேறு வேறு வெள்ளை என்பேன் (வீட்டில் என் துண்டு எது என்று மட்டும் தெரியாது).

மகள் பிறந்த மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க. நீல வெளிச்சத்துல வெச்சா தோல்ல இருக்குற மஞ்சள் கொஞ்சங் கொஞ்சமாப் போயிரும்" என்றார் டாக்டர்.

நான் பயப்படவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பெஞ்சே ஆடியது.

மறுநாள் மத்தியானம் நர்ஸ் என்னை உள்ளே விட்டார். நெல்லைப் பக்கத்துக்காரர். வெளியே கொளுத்தும் வெயில். கனத்த திரை போட்ட அந்த அறைக்குள்ளோ, ஆழக் கிணற்றின் அடியில் நிற்பது போல் ஒரே நீலம். நான்கு தொட்டில்கள். நான்கிலும் கண்ணைத் துணியால் கட்டிய குழந்தைகள், சத்தமே இல்லாமல். தோல் ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்தது. பெயர்ச்சீட்டைப் படித்துத்தான் என் மகளைக் கண்டுபிடித்தேன்.

தொடுவதற்குக் கையை நீட்டினேன். விளக்கின் கீழே நீண்டது என் கை இல்லை. நகம் கறுத்து, ரத்தம் வற்றிப்போன யாரோ ஒருவருடைய கை. வெடுக்கென்று பின்னால் இழுத்தேன். அதுவும் என்னோடேயே வந்தது.

பயத்தை மறைக்கத் தொழிலைக் கையில் எடுத்தேன். குனிந்து மகளை உற்றுப் பார்த்தேன். மஞ்சள் துளிகூடத் தெரியவில்லை.

"சுத்தமாப் போயிருச்சுங்க சிஸ்டர். டிஸ்சார்ஜ் எழுதச் சொல்லுங்க."

"இந்த வெளிச்சத்துல அது தெரியாது அண்ணாச்சி. ரத்தம் பார்த்துத்தான் சொல்லணும்."

"என் கண்ணு தப்பாதுங்க. இருபது வருசமா ஷேடு பாக்குறேன்" (ஆறு வருடம்தான்).

அப்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பினேன். பால் கொடுக்க வந்த என் மனைவி கோகிலா. கோகிலா மாதிரி ஒருத்தி. உதடு கறுப்பு. நெற்றியில் குங்குமம் இருந்த இடத்தில் கறுப்பாக ஓர் ஓட்டை. கழுத்தில் நான் கட்டிய மஞ்சள் கயிறு கன்னங்கரேலென்று தொங்கியது. அந்தக் கறுத்த உதடு மெல்லத் திறந்தது.

"ஏனுங்க, பாப்பா எப்படி இருக்குதுங்க?"

அலறினேன். பின்னால் நகர்ந்து, சுவரில் மோதி, கைக்குச் சிக்கிய சுவிட்சுகளை எல்லாம் தட்டினேன். நீலம் அணைந்தது. இருட்டுக்குள் நான்கு குழந்தைகளும் ஒன்றாக வீறிட்டன. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று வராந்தாவில் மாமியார் ஒப்பாரியே தொடங்கிவிட்டார்.

நர்ஸ் திரையை விலக்கினார். வெயில் விழுந்தது. கோகிலாவின் குங்குமம் சிவப்பு. தாலிக்கயிறு மஞ்சள். என் மகள் அந்தக் கயிற்றுக்குக் கொஞ்சமும் குறையாத மஞ்சள்.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி."

எந்த வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறோம் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நான் வெளியே வந்து, வெயிலில் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மஞ்சள் இறங்க இன்னும் இரண்டு நாள் ஆனது. மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. தக்காளி பழுத்துவிட்டது என்று நான் அடித்துச் சொன்னால்கூடக் கோகிலா மகளைப் பார்க்கிறாள். மகள் எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்குகிறாள்.

"இப்பச் சொல்லுங்கப்பா."