கைக்கு வந்தது எவ்வளவு?

இனிமேல் எவனிடமும் சம்பளத்துக்குப் போய்க் கதிரை தேய்ப்பதில்லை என்று லோறன்ஸ் தீர்மானம் எடுத்தபோது அவருக்கு ஐம்பத்துநாலு வயது. தீர்மானம் உறுதியானது. அதற்கு முந்திய வாரம்தான் அவர் வேலை செய்த கடலட்டைக் கொம்பனியை மூடி, அவர் தேய்த்த கதிரையையும் விற்றிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவர் எழுத்தாளர்.

எழுத்தாளருக்கு ஒரு மேடை வேண்டும். ‘அரங்கு’ என்று கைப்பேசியில் ஓடும் ஒரு சமூக வலைத்தளம் அகப்பட்டது. எழுதிப் போட்டால் வாசிக்கிறவர்கள் வாக்குப் போடுவார்கள். வாக்கு விழ விழக் கிரிப்டோ நாணயம் சேரும். நாணயத்துக்குப் பெயர் முத்து. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, சேர்ந்த முத்து எத்தனை ரூபா பெறும் என்று பச்சை நிறத்தில் ஒரு தொகை தெரியும். கட்டுரையைவிட அந்தத் தொகை பெரிய எழுத்தில் இருக்கும்.

லோறன்ஸ் சும்மா எழுதுகிற ஆள் இல்லை. யோசித்து எழுதுகிறவர். ‘மௌனத்தின் நிறை’ என்று ஒன்று எழுதினார். ‘நான் எனப்படுபவர் யார்’ என்று ஒன்று. ‘மன்னார் வீதியில் ஒரு கழுதை, அதன் முன்னால் நான்’ என்று ஒன்று. மூன்றாவதற்குத்தான் கூட வாக்கு. அது கழுதைக்கு விழுந்ததா தனக்கு விழுந்ததா என்று இரண்டு நாள் மனம் குழம்பி, கடைசியில் அந்தக் குழப்பத்தையே நாலாவது கட்டுரையாக்கினார்.

மனைவி மெற்றில்டா தையல்காரி. அவர்களுடைய ஊரான தோட்டவெளியில், தேவாலயத்தில் முதல்நன்மை எடுக்கிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வெள்ளை உடுப்பு அவளுடைய மெசினில்தான். கால் மெசினை மிதிக்கும், வாயில் குண்டூசி இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் லோறன்ஸ் தன் கட்டுரைகளை வாசித்துக் காட்டுவார். பச்சைத் தொகையைக் கொஞ்சம் சத்தமாக வாசிப்பார்.

ஐந்தாம் மாதம் அவள் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். குண்டூசி வெளியே வந்தால் விசயம் பாரதூரமானது.

“இஞ்சேருங்கோ, உந்தப் பச்சையில எவ்வளவு எங்கட கைக்கு வந்தது?”

“வருது.”

“எப்ப?”

“அது வளருது, மெற்றில்டா. முத்தெண்டா உடன எடுக்கிற சாமானே? உமக்கு உந்தப் பொருளாதாரம் விளங்காது.”

விளங்காத மெற்றில்டா ஒரு நிபந்தனை வைத்தாள். அவளுடைய தம்பி கிறகரி ஐஸ் கொம்பனி நடத்துகிறான். மீன் ஏற்ற வருகிற லொறிகளுக்கு ஐஸ் நிறுத்துக் கொடுக்க, பில் எழுத, நம்பிக்கையான ஆள் தேடுகிறான். இந்த மாதம் முடிகிறபோது அவருடைய எழுத்து பதினையாயிரம் ரூபாயைக் கைக்குக் கொண்டுவந்தால் அவள் இனி வாய் திறக்கமாட்டாள். அவர் ஆயுசு முழுக்கக் கழுதையைப் பற்றி எழுதலாம். வராவிட்டால் முதலாந்திகதி ஐஸ் கொம்பனி.

லோறன்ஸ் சிரித்தார். அந்த மாதக் கட்டுரைகளின் பச்சைத் தொகைகளை அவர் ஏற்கெனவே கூட்டியிருந்தார். பதினெண்ணாயிரத்து நானூறு. பூசை முடிந்து வருகிறபோது பக்கத்து வீட்டு அமிர்தநாயகத்திடமும் அந்தத் தொகையைச் சொல்லியாயிற்று. அமிர்தநாயகம் அன்றிலிருந்து அவருக்குச் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்கிறார். ஐம்பத்துநாலு வயதில் ஒரு மனிதருக்கு வேறென்ன வேண்டும்? ஐஸ் கொம்பனிக்குப் போனால் அந்த வணக்கமும் போகும், எழுத்தும் போகும். மைத்துனன் முன்னால் கைகட்டி நிற்கிற காட்சியை நினைக்கவே விரல் விறைத்தது.

ஒரேயொரு இடைஞ்சல். பச்சைத் தொகையை மெற்றில்டா பணமாக ஏற்றுக்கொள்ள மறுத்தாள். காட்டுகிறது வேறு, தருகிறது வேறு என்று ஒரு பிடி. இதை எப்படி நிரூபிப்பது என்று அவர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோதுதான், அரங்கின் யோசனைப் பகுதியில் ஒரு பதிவு கண்ணில் பட்டது.

அந்தப் பகுதியில், தளத்தைத் திருத்துவதற்கு யாரும் யோசனை சொல்லலாம். கூட வாக்கு விழுகிற யோசனையை நடைமுறைப்படுத்துவார்கள். சொன்னவருக்கு அரங்கின் நிதியிலிருந்து நேரே ரூபாயில் பரிசும் உண்டு. இந்த யோசனையைப் போட்டவர் தன் பெயரைச் ‘சும்மா கேட்டனான்’ என்று வைத்திருந்தார். மொத்தம் பதினொரு வரி.

“ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் பெரிய தொகை காட்டுறீர்கள். எழுதினவர் அதை நம்பி வீட்டில் கதைக்கிறார். வீட்டுக்காரருக்கு அரிசி வாங்க அந்தத் தொகை உதவுதில்லை. மீன்காரி கூடையோடு சேர்த்து நிறுத்துப்போட்டு அவ்வளவும் மீன் என்று சொன்னால் விடுவோமா? எழுதினவர் கைக்கு உண்மையில் வந்தது எவ்வளவு என்று ஒரேயொரு வரியில், ரூபாயில், தெளிவாகக் காட்டினால் என்ன?”

மிச்ச வரிகளும் அப்படித்தான். லோறன்ஸ் எழும்பி நின்றார். இவன் யார்? இந்த நேர்மை, இந்தத் தெளிவு. தான் ஏழு பக்கத்தில் சொல்லியும் சொல்லி முடியாததை இவன் ஒரு மீன் கூடையால் சொல்லிவிட்டானே. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பொறாமைப்படுகிற தான் எழுத்தாளனா என்று தன்னைத்தானே கேட்டார். பொறாமைப்படாவிட்டால்தான் எழுத்தாளன் இல்லை என்று பதில் வந்தது. ஆறுதலாக இருந்தது.

அதோடு, இதைவிட அவருக்கு வாய்ப்பான யோசனை வேறென்ன? அப்படியொரு வரி வந்துவிட்டால் மெற்றில்டா என்ன சொல்ல முடியும்?

அன்றைக்கே உட்கார்ந்து ‘தமிழ்ச் சிந்தனையில் ஒரு புதிய குரல்’ என்று மூன்று பக்கம் எழுதினார். சும்மா கேட்டனானை வானத்துக்கு ஏற்றினார். தன்னைப் பின்தொடர்கிற நானூற்று அறுபது பேரையும், மனச்சாட்சி இருந்தால் வாக்குப் போடும்படி கேட்டுக்கொண்டார். போடுவதற்கு முதல் மெற்றில்டாவுக்கு வாசித்துக் காட்டினார். அவள் மெசினை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டாள். இதுவரை அவருடைய எந்தக் கட்டுரைக்கும் மெசின் நின்றதில்லை.

“நல்லாக் கிடக்கு. அந்த மனச்சாட்சி வாற இடம் இன்னும் கொஞ்சம் உறைப்பா இருந்தா நல்லம்.”

அவர் உறைப்பைக் கூட்டினார். யோசனைக்கு வாக்குகள் மளமளவென்று விழுந்தன. கனடாவிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, அவுஸ்திரேலியாவிலிருந்து. மாதத்தின் கடைசி நாள் காலையில் அரங்கு புதிய வரியோடு வந்தது.

லோறன்ஸ் முகம் வழித்து, வெளுத்த சேட் போட்டுக்கொண்டு, மெற்றில்டாவை மேசைக்குக் கூப்பிட்டார். கைப்பேசியை நடுவில் வைத்தார். தன் பக்கத்தை அவளே திறக்கட்டும் என்றார். பிறகு தான் ஏதோ செய்துவிட்டதாகக் கதை வரக்கூடாது. அவள் கையைத் துடைத்துவிட்டுத் திறந்தாள்.

‘இந்த மாதம் உங்கள் கைக்கு வந்தது: ரூபா 230.’

லோறன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். தொகை துலக்கமாகத் தெரிந்தது. கீழே விளக்கமும் போட்டிருந்தார்கள். தொகையில் பாதி வாக்குப் போட்டவர்களுக்கு. மிச்சத்தில் பாதி ஒரு வருடத்துக்கு எடுக்க முடியாது. இதுவரை பச்சையில் காட்டிய விலை அரங்கு தொடங்கிய நாளின் விலை. இன்றைய விலை அதில் இருபதில் ஒன்று. ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அவ்வளவு தெளிவு.

மெற்றில்டா எழும்பிப் போய் மெசினில் உட்கார்ந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். கோபம் போக இடமில்லாமல் சும்மா கேட்டனான் மேல் பாய்ந்தது.

“இவன் ஆரெண்டு பிடிக்கவேணும். ஊரெல்லாம் ஒழுங்காப் போய்க்கொண்டிருக்கேக்க இவனுக்கு ஏன் இந்த வேலை? எழுதிற ஆக்களின்ர வயித்தில அடிக்கிறான்.”

“நேற்றுவரைக்கும் அவர் புதிய குரல் எண்டியள்.”

“அது நேற்று.”

அவனுடைய பக்கத்தைத் தேடித் திறந்தார். அங்கேயும் அந்த வரி இருந்தது. கைக்கு வந்தது: ரூபா 21,460. அதற்கு மேலே ஒரு படம். ஒரு தையல் மெசின். மெசினுக்குப் பின்னால் ஒரு சாய்மனைக் கதிரை. கதிரையிலிருந்து நீட்டியபடி, சாரத்துக்கு வெளியே, ஓர் ஆணின் வலது கால். பெருவிரல் நகம் கொஞ்சம் வளைந்திருந்தது.

அந்தக் காலை அவருக்குத் தெரியும். ஐம்பத்துநாலு வருடப் பழக்கம்.

நிமிர்ந்து பார்த்தார். மெற்றில்டா நூலை ஊசியில் கோத்துக்கொண்டிருந்தாள்.

“தாராபுரத்தில நௌபர் கடைக்குப் போனுக்கு ரீலோட் போடப் போனனான். அவர்தான் உந்த அரங்கை என்ர போனில போட்டுத் தந்தவர்” என்றாள். “கைக்கு வாறது இவ்வளவுதான் எண்டதையும் அண்டைக்கே சொன்னவர்.”

“அப்ப என்னட்டை நேர சொல்லியிருக்கலாமே.”

“நான் சொன்னா நம்பமாட்டியள். நீங்கள் எழுதினா நம்புவியள்.”

பதினொரு வரிக்கு இவ்வளவு காசு எப்படி வந்தது என்று மட்டும் கேட்டார்.

“யோசனைக்குக் குடுத்த பரிசு. எல்லாம் உங்கட கட்டுரையாலதான். அதை வாசிச்சுத்தானே சனம் வாக்குப் போட்டது. உங்கட எழுத்துக்கு ஒரு சக்தி இருக்கு.”

ஐந்து மாதமாக அவர் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டதும் அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

முதலாந்திகதி காலை ஏழரைக்கு, சாப்பாட்டுப் பெட்டியோடு அவர் ஐஸ் கொம்பனிக்குப் போனார். வழியில் சைக்கிளை மிதித்தபடி நன்றாக யோசித்திருந்தார். இதிலும் ஒரு வழி இருக்கிறது. மாதம் மாதம் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கினால், ஒரு வருடத்தில் யாரையும் கேட்காமல் திரும்பவும் எழுத்தாளராகிவிடலாம். மனிதனுடைய சுதந்திரம் அவனுடைய சட்டைப்பைக்குள் இருக்கிறது. நல்ல வசனம். எழுதி வைக்கவேண்டும்.

கிறகரி மரியாதையாக எழும்பி வந்து, வாங்கோ அத்தான் என்று பில் புத்தகத்தைக் கையில் கொடுத்தான். தராசைக் காட்டினான். லொறிக்காரர்களோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். லோறன்ஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியாக, ஒன்றும் அவசரமில்லாதவர்போல, சம்பளம் என்ன மாதிரி என்று கேட்டார்.

கிறகரி தலையைச் சொறிந்தான்.

“அது மாதக்கடைசியில அக்காவின்ர கணக்குக்குப் போகும், அத்தான். எவ்வளவு போனதெண்டு உங்களுக்குத் தெளிவாக் காட்டச் சொன்னவ.”